டின் பால் குடித்த குட்டிகளும் சோளம் தின்னும் குட்டிகளும்

கேள்வி:

வணக்கம் டாக்டர். மலேசியாவில், பினாங்கின் செபராங் பிறை தெற்கில் ஒரு பன்றிப் பண்ணையில் 11 வருஷமாக வேலை செய்கிறேன், இப்போது குட்டிக் கொட்டகைக்கு நான்தான் பொறுப்பு. 24ஆம் நாள் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம். முன்பெல்லாம் பிரித்த பிறகு இரண்டு வாரத்துக்குப் பால் பவுடர் கலந்த விலை கூடிய தீவனம் போட்டோம். மூன்று மாதமாகத் தவுக்கே, அதாவது முதலாளி, அதை நிறுத்திவிட்டு, பெரிய பன்றிகளுக்குப் போடும் சோளம், சோயா கலவையையே கொஞ்சம் நைசாக அரைத்துப் போடச் சொல்கிறார். நாலாம் நாள் ஐந்தாம் நாள் கழிச்சல் தொடங்கிவிடுகிறது. அதே மூட்டையைத் தின்னும் 40 கிலோ பன்றிகள் பளபளவென்று இருக்கின்றன. அதனால் தீவனத்தில் கோளாறில்லை, நீ கொட்டகையைச் சரியாகக் கழுவவில்லை என்று என் மேல் பழி. பொடி விற்கும் ஒருவர் வந்து, குட்டிக்கு நொதி போதவில்லை, இதைக் கலந்தால் சரியாகிவிடும் என்கிறார். வயது ஏற ஏற நொதி தானாக வருமா, எது எப்போது வரும், பொடி வாங்கலாமா? அடுத்த பிரிப்பு புதன்கிழமை, முடிந்தால் நேரில் வந்து பாருங்கள். இன்னொன்று. போன வருஷம் ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்ட அன்றே செத்துவிட்டது. பாவமே என்று டின் பாலைச் சுடுதண்ணீரில் கலந்து ஊட்டினேன். மூன்று நாளைக்குள் ஒன்பதில் ஏழு போய்விட்டன. அது இன்னும் மனசில் கிடக்கிறது.

பதில்:

தம்பி, கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதிலில் பாதி அந்த டின்னுக்குள்தான் இருக்கிறது.

தே தாரேக் என்ற டீக்குக் கலக்கும் அந்த டின்னில் எடைக்குப் பாதிக்குக் கிட்ட சீனி. இப்போது கடையில் அடுக்கியிருப்பதில் பல பாலே கிடையாது, கிரீமர்தான், கொஞ்சம் பால் பவுடரும் செம்பனை எண்ணெயும் சீனியும். சீனியைக் குடல் அப்படியே உறிஞ்சாது. அதை இரண்டாக வெட்டினால்தான் உள்ளே போகும், வெட்டுகிற கத்தரிக்கோலுக்குப் பெயர் சுக்ரேஸ். சாப்பாட்டை இப்படி வெட்டிச் செரிக்க வைக்கிற பொருள்களைத்தான் நொதி என்கிறோம். அன்று பிறந்த பன்றிக்குட்டியின் குடலில் அந்தக் கத்தரிக்கோல் அநேகமாக இல்லவே இல்லை. அதனிடம் இருப்பது லாக்டேஸ், பாலில் இருக்கிற லாக்டோஸ் சர்க்கரையை வெட்டுவதற்கானது, அது மட்டும் தாராளமாக இருக்கும். ஆக நீங்கள் ஊட்டிய சீனி வெட்டுப்படாமல் குடல் வழியே இறங்கி, போகிற வழியெல்லாம் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு, பெருங்குடலில் கிருமிகளுக்கு விருந்தாகி, நீர்க்கழிச்சலாக வெளியே வந்திருக்கும். ஒன்றரைக் கிலோகூட இல்லாத உடம்பு அது, எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் ஏழும் சீனியால்தான் செத்தன என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். தாய் அன்றே செத்துவிட்டது என்கிறீர்கள். பன்றியில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகாது, முழுக்க முழுக்கச் சீம்பால் வழியாகத்தான் போகவேண்டும், அதுவும் முதல் 24 மணி நேரத்துக்குள், குடலின் கதவு சாத்திக்கொள்வதற்கு முன்னால். பிழைத்த இரண்டும் தாய் சாவதற்கு முன் கொஞ்சம் சப்பியிருக்கும் என்பது என் ஊகம். அடுத்த தடவை இப்படி ஆனால், அதே நாளில் குட்டி போட்ட வேறொரு தாயிடம் கொண்டுபோய் விடுங்கள், சீம்பால் கிடைக்கட்டும். வேறு தாய் இல்லையென்றால் குட்டிக்கென்றே வருகிற பால் பவுடர், அதுவும் இல்லையென்றால் சீனி போடாத ஆட்டுப்பால் மாட்டுப்பால், தெம்புக்குக் குளுக்கோஸ் தண்ணீர். குளுக்கோஸை வெட்டவேண்டிய வேலையே கிடையாது, நேராக உள்ளே போய்விடும். நீங்கள் செய்தது தெரியாமல் செய்தது. நானும் படிப்பதற்கு முன்பு பால் என்றால் எல்லாம் பால்தான் என்று நினைத்தவள்.

சரி, இப்போது கொட்டகைக்கு வருவோம். உங்கள் தவுக்கே சொல்வது பாதி சரி: தீவனத்தில் கோளாறு இல்லை. நீங்கள் நினைப்பதும் சரி: கழுவாதது காரணம் இல்லை, நன்றாகக் கழுவின கொட்டகையிலும் இது வரும். 40 கிலோ பன்றிக்கும் 7 கிலோ குட்டிக்கும் ஒரே மூட்டையைப் பிரித்துப் போடுகிறோம், ஆனால் அந்த இரண்டு உடம்புக்குள்ளும் இருப்பது ஒரே குடல் இல்லை. கைக்குழந்தைக்கு ரொட்டிச் சானாயும் பருப்புக் கறியும் ஊட்டிவிட்டு, ரொட்டியில் தப்பில்லையே, பெரியப்பா நாலு சாப்பிடுகிறாரே என்றால் வீட்டில் பெண்கள் விடுவார்களா?

தாய்ப்பன்றி ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை பால் விடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். வெதுவெதுப்பாக, கொழுப்பு ஏற்கெனவே பொடிப்பொடித் துளிகளாகக் கலந்திருக்க, புரதம் சுலபமாகச் செரிக்கிற வகையாக, சர்க்கரை லாக்டோஸாக வரும். அந்தக் கொழுப்பில் கிட்டத்தட்ட எல்லாவற்றையுமே குட்டி செரித்துவிடும். குட்டியின் வயிறு இந்த ஒரே வாடிக்கையாளருக்காகத் திறந்த கடை மாதிரி. இரைப்பையில் கைமோசின் என்றொரு நொதி பாலைக் கட்டியாகத் திரிக்கும், பாலாடைக்கட்டி செய்கிறவர்கள் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பார்களே, அதே சாமான். பால் கட்டியானால் இரைப்பையில் தங்கி மெதுவாக இறங்கும். பெரிய பன்றிக்குப் புரதத்தை உடைக்கிற பெப்சின் முதல் வாரங்களில் சொற்பம்தான், இருக்கிற கொஞ்சமும் வேலை செய்ய நல்ல புளிப்பு வேண்டும், அந்தப் புளிப்புக்கான அமிலத்தை இரைப்பை இன்னும் முழுசாகச் சுரக்கப் பழகவில்லை. பால் குடிக்கும் வரை அது பெரிய குறையாகத் தெரியாது, ஏனென்றால் வயிற்றில் குடியிருக்கிற நல்ல பாக்டீரியா லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலம் செய்து, தயிர் புளிப்பது போல வயிற்றைப் புளிப்பாக வைத்திருக்கும்.

24ஆம் நாள் காலையில் தாயைப் பிரித்தீர்கள். லாக்டோஸ் நின்றது, அதோடு அந்த ஓசிப் புளிப்பும் நின்றது. அன்று மாலை சோளமும் சோயாவும் உலர்ந்த மாவாகத் தொட்டியில் விழுகின்றன. பசித்த குட்டி ஒரேயடியாகத் தின்கிறது, இரைப்பையின் புளிப்பு இறங்குகிறது, பெப்சின் சும்மா நிற்கிறது, உடையாத புரதம் அப்படியே கீழே போகிறது. புளிப்பு இல்லாத வயிறு இன்னொரு வகையிலும் ஆபத்து, வாய் வழியே போகிற கிருமியைக் கொல்லும் வாசற்காவல் அதுதான்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், குட்டிகளுக்கு எலும்பு பலமாக வேண்டுமே என்று ஒரு பண்ணையில் பிரிப்புத் தீவனத்துக்குச் சுண்ணாம்புத் தூளைத் தாராளமாக எழுதிக் கொடுத்தேன். கணக்குப்படி கால்சியம் எல்லாம் சரி. ஆனால் சுண்ணாம்பு அமிலத்தைக் குடித்துவிடும், நெஞ்செரிச்சலுக்கு நாம் மாத்திரை மெல்லுவதே அதற்குத்தானே. குட்டியிடம் இருந்த கொஞ்சநஞ்சப் புளிப்பையும் நானே அணைத்துவிட்டேன். கழிச்சல் நின்றபாடில்லை, மருந்தை மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் தீவனம் அரைக்கிற கிழவர் ஒருவர், சுண்ணாம்பு போன மாசம் இவ்வளவு இல்லையே அம்மா என்று பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் தவுக்கேயின் பெரிய பன்றிக் கலவையில் எவ்வளவு சுண்ணாம்பு போகிறது என்று அரவைக்காரரிடம் கேளுங்கள். பிரித்த முதல் பத்து நாள் குட்டிக்கு அதைக் குறைத்தால் எலும்பு ஒன்றும் வளைந்துவிடாது.

அடுத்தது கணையம். மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கைமோட்ரிப்சின், கொழுப்புக்கு லைபேஸ், எல்லாம் இங்கிருந்து சிறுகுடலுக்குள் ஊற்றப்படும். பிறந்தபோது அமைலேஸ் மிகக் குறைவு, சோளத்தைப் பார்க்காத குட்டிக்கு அது எதற்கு? டிரிப்சினும் முதலில் அடக்கம்தான், சீம்பாலிலேயே டிரிப்சினைத் தடுக்கிற பொருள் ஒன்றும் சேர்ந்து வரும், நோய் எதிர்ப்புப் பொருளும் புரதம்தானே, அதைக் குட்டியே செரித்துவிட்டால் என்ன ஆவது. வாரம் போகப் போகக் கணையமும் பெரிதாகும், அதன் சரக்கும் பெருகும். இதில் பாதி வயதால் வருவது, பாதி தின்பதால் வருவது. லாக்டேஸ் இறங்குவது பெரும்பாலும் வயதின் கணக்கு, நீங்கள் பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு அது சரியத்தான் செய்யும், எட்டு வாரத்தில் அடிமட்டத்துக்குக் கிட்ட வந்துவிடும். அமைலேஸ் அப்படி இல்லை, மாவுச்சத்து உள்ளே வர வர அதன் கை ஓங்கும். மாவுச்சத்தின் கடைசித் துண்டுகளை வெட்டுகிற மால்டேஸும், நம் டின் பால் கதையில் இல்லாமல்போன சுக்ரேஸும் குடல் சுவரிலேயே மெதுவாக முளைத்து ஏறும்.

ஒரு வேடிக்கை. கணையம் கெட்டுப்போன மனிதர்களுக்குச் சாப்பாட்டோடு விழுங்க நொதி மாத்திரை கொடுப்பார்கள் இல்லையா, அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பதுதான். அத்தனை அமைலேஸும் லைபேஸும் டிரிப்சினும் அதில் மண்டிக் கிடக்கும். ஆனால் அது கசாப்புக்குப் போகிற எடைப் பன்றியின் கணையம், உங்கள் 24 நாள் குட்டியினுடையது இல்லை.

சரி, வயது ஏறினால் எல்லாம் வரும் என்றால், ஏன் நாலாம் நாள் ஐந்தாம் நாள் என்று கடிகாரம் வைத்தது மாதிரி கழிச்சல்? இதுதான் உங்கள் கடிதத்தில் உள்ள நல்ல கேள்வி, நீங்கள் அதைக் கேள்வியாகவே கேட்கவில்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காரணம், நொதி ஒரே சீராக ஏறிக்கொண்டு போவதில்லை. லாக்டேஸ் நீங்கலாக மற்றவை பிரித்த அன்று வரை ஏறும், பிறகு தடாலென்று விழும், ஒரு வாரம் கிடக்கும், இரண்டாவது வாரம் முடிவதற்குள் எழுந்து பழைய இடத்தைத் தாண்டும். அந்தப் பள்ளத்தில்தான் உங்கள் குட்டிகள் விழுகின்றன.

அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருமுறை பிரித்து ஐந்தாம் நாள் செத்த இரண்டு குட்டிகளை, ஒரே ஈற்று, ஒரே தொட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறுத்தேன். ஒன்று தின்றுகொண்டிருந்தது, மற்றக் குட்டிகள் நெருக்கி மிதித்துப்போட்டதால் செத்தது. மற்றது கழிச்சலில் போனது, அதன் இரைப்பையில் ஒரு கரண்டி மஞ்சள் தண்ணீரும் கொஞ்சம் வைக்கோல் துரும்பும்தான். சிறுகுடலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரித்து, கழுவி, வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தின்ற குட்டியின் குடலில் வெல்வெட் துணியின் இழை மாதிரி விரல் விரலாக அசைந்தது. தின்னாததில் இழையே தெரியவில்லை, தேய்ந்துபோன பாய் மாதிரி மழமழவென்று கிடந்தது, குடல் சுவர் அவ்வளவு மெல்லியது, அடியில் இருந்த என் விரல் ரேகை தெரிந்தது. அந்தக் குடல்விரல்களின் மேல்தான் லாக்டேஸ், மால்டேஸ், சுக்ரேஸ் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. விரல் குட்டையானால் நொதியும் போச்சு, உறிஞ்சுகிற பரப்பும் போச்சு. தாயைப் பிரித்த 24 மணி நேரத்திலேயே விரல்கள் சுருங்கத் தொடங்கி, நாலாம் ஐந்தாம் நாள் அடிமட்டத்தைத் தொடும். உங்கள் கழிச்சலும் அதே நாளில்தான் வருகிறது.

ஏன் சுருங்குகிறது? குடலுக்கு ரத்தம் கொண்டுவருகிற சாப்பாடு மட்டும் போதாது, உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், பட்டினி கிடக்கிற குடல் தன்னையே தின்னத் தொடங்கும். மணிக்கு ஒருமுறை குடித்துப் பழகின குட்டி, தாய் இல்லாமல், புது இடத்தில், புது முகங்களோடு சண்டை போட்டுக்கொண்டு, தண்ணீர் எங்கே என்றுகூடத் தெரியாமல் நிற்கிறது. சில குட்டிகள் இரண்டு நாள்கூடத் தீவனத்தில் வாய் வைக்காது. மூன்றாம் நாள் பசி தாங்காமல் வயிறு முட்டத் தின்னும், அதற்குள் அதைச் செரிக்கிற ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். செரிக்காத புரதமும் மாவும் பின்குடலுக்கு இறங்க, அங்கே ஈ.கோலை என்கிற கழிச்சல் கிருமிக்குத் தீபாவளி.

இதில் சோயா தன் பங்குக்கும் குட்டிக்குத் தொல்லை கொடுக்கும். அதில் உள்ள சில புரதங்களைக் குட்டியின் குடல் எதிரியாகப் பார்த்து வீங்கும். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் இருக்கின்றன, அவற்றை வெட்டுகிற கத்தரிக்கோல் எந்த வயதுப் பன்றியிடமும் கிடையாது, நம்மிடமும் கிடையாது, பயறு தின்றால் நமக்கு வாயு போவதே அதனால்தான். சோயா சரியாக வறுபடாமல் இருந்தால் டிரிப்சினைத் தடுக்கிற பொருளும் மிச்சமிருக்கும், ஏற்கெனவே அரைகுறையாக இருக்கும் டிரிப்சினுக்குக் கைவிலங்கு போட்ட மாதிரி. தவுக்கே விலை மலிவாக எங்காவது சோயா பிடித்தாரா என்று நைசாக விசாரியுங்கள்.

உங்கள் 40 கிலோ பன்றிக்கு இதெல்லாம் பழைய கதை. அது மூன்று மாதம் தாண்டின உடம்பு. இரைப்பை நன்றாகப் புளிக்கிறது, பெப்சின் நிறைய, கணையம் தேவைக்கு மேலேயே ஊற்றுகிறது, குடல்விரல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. லாக்டேஸ் மட்டும் குறைந்துபோயிருக்கும், அதற்கு வாளி நிறையப் பால் ஊற்றினால் அதுதான் கழியும். நம் வீட்டில் தாத்தாக்கள் பலர் பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பார்களே, அதே விஷயம்.

இனி பொடி. அந்த விற்பனைக்காரர் சொன்ன முதல் வாக்கியம் உண்மை, குட்டிக்கு நொதி போதவில்லைதான். இரண்டாவது வாக்கியத்தில்தான் வியாபாரம் இருக்கிறது. அமைலேஸ், புரோட்டியேஸ், லைபேஸ் கலந்த பொடியைப் பிரித்த குட்டிக்குப் போட்டால் சில பண்ணையில் கொஞ்சம் பலன் தெரியும், சில பண்ணையில் ஒன்றுமே தெரியாது, நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்பதை யோசித்தாலே புரியும். தின்னாத குட்டிக்குப் பொடி எப்படி உள்ளே போகும், தின்றாலும் தேய்ந்துபோன குடல்விரலைப் பொடி முளைக்க வைக்குமா, மாவைக் குளுக்கோஸாக உடைத்தாலும் உறிஞ்சுவதற்குப் பரப்பு வேண்டாமா? அப்புறம் இன்னொரு சங்கதி, நொதியும் ஒரு புரதம், சூட்டில் செத்துவிடும். தீவனத்தைக் குருணையாக அழுத்துகிற மெஷினில் 85 டிகிரி ஏறினால், பாதுகாப்பு பூச்சு இல்லாத பொடி வெறும் தூசிதான். நீங்கள் மாவாகப் போடுவதால் இந்தக் கவலை இல்லை, ஆனால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் தெரிகிறவரா என்று தெரிந்துவிடும்.

எல்லா நொதிப் பொடியும் வீண் என்று நான் சொல்லவில்லை. பன்றியிடம் எந்த வயதிலும் இல்லாத, அல்லது போதாத நொதிகள் சில உண்டு, அவற்றை வாங்கினால் காசுக்கு மதிப்பு. சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது, அதைத் திறக்கிற ஃபைட்டேஸ் பன்றியிடம் மிகச் சொற்பம். 1990களிலிருந்தே உலகம் பூராவும் அதைத் தீவனத்தில் கலக்கிறார்கள், பாஸ்பேட் செலவும் குறையும், சாணத்தோடு ஆற்றுக்குப் போகிற பாஸ்பரஸும் குறையும், நம் பக்கத்தில் ஆற்று நாற்றம் பற்றி அடிக்கடி புகார் கிளம்புவது உங்களுக்குத் தெரியாததா. அதே மாதிரி நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிற செம்பனை விதைப் புண்ணாக்கு. அதன் நாரில் முக்கால்வாசி மன்னன் (mannan) என்கிற நார்ச்சத்து வகை, அதை வெட்ட மன்னனேஸ் வேண்டும், பன்றி அதைச் சுரக்காது. தவுக்கேக்குச் செலவு குறைக்க ஆசை என்றால் வளர்ந்த பன்றிக்கும் சினைப் பன்றிக்கும் கொஞ்சம் புண்ணாக்கைச் சேர்த்து அதற்கேற்ற நொதியைப் போடட்டும். வயதான பன்றியின் பெருங்குடல் பெரியது, கிருமிகள் நாரை நொதிக்க வைத்து அதிலும் கொஞ்சம் சக்தி எடுத்துக் கொடுக்கும். குட்டியிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

அப்படியானால் தவுக்கேயிடம் என்ன சொல்வது? நொதி, குடல்விரல் என்று ஆரம்பித்தால் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார், எனக்குத் தெரியும். காசைப் பேசுங்கள். விலை கூடிய அந்தத் தீவனம் ஒரு குட்டிக்கு முதல் பத்து நாளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தேவைப்படாது. பன்றி விற்பனைக்குப் போவதற்குள் தின்கிற மொத்தத் தீவனத்தில் அது தூசு. அந்த இரண்டு கிலோவில் மிச்சம் பிடித்த காசை, செத்த குட்டியிலும், மருந்திலும், ஒரு வாரம் வளராமல் நின்றதால் விற்பனை தள்ளிப்போகிற நாள்களிலும் அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கொட்டகைக் குறிப்பேட்டை எடுங்கள், தீவனம் மாற்றுவதற்கு முந்தின மூன்று மாதம் செத்தது எத்தனை, பிந்தின மூன்று மாதம் எத்தனை, மருந்துக்கு எவ்வளவு, ஒரே தாளில் எழுதி மேசையில் வையுங்கள். பேசவே வேண்டாம்.

முழு விலைத் தீவனத்துக்கு அவர் மசியவில்லை என்றால் பாதி வழி இருக்கிறது. முதல் பத்து நாள் கலவையில் சோயாவைக் குறைத்து, அந்த இடத்தில் கொஞ்சம் மீன் தூளும் மோர்ப் பவுடரும். மோர்ப் பவுடரில் லாக்டோஸ் இருக்கிறது, 24 நாளில் லாக்டேஸ் இன்னும் போதுமான அளவு இருக்கிறது, வயிற்றுப் புளிப்புக்கும் அது உதவும். மொத்தப் புரதத்தை 18, 19 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு லைசின் முதலான அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்தால் பின்குடலுக்கு இறங்குகிற புரதம் குறையும். சுண்ணாம்பைக் குறைப்பது, ஃபார்மிக் அல்லது சிட்ரிக் அமிலம் சேர்ப்பது, இவை அதிகச் செலவில்லாதவை.

பிறகு உங்கள் கையில் உள்ளது, தவுக்கேயிடம் கேட்கவே தேவையில்லாதது. பிரித்த முதல் மூன்று நாள் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கஞ்சி மாதிரி கரைத்து, அகலமான தட்டில், எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் வாய் வைக்கிற மாதிரி, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மிச்சத்தைப் புளிக்கவிடாதீர்கள், நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரம் போதும், நுரைத்துவிடும். தாயோடு இருக்கும்போதே இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி பிரிப்புத் தீவனத்தைத் தரையில் தூவிவிடுங்கள், அவை அதைத் தின்பதைவிட மூக்கால் தள்ளி விளையாடுவதுதான் அதிகம், பரவாயில்லை, கொஞ்சம் தின்ற குட்டிகள் பிரித்த பிறகு வேகமாகத் தொட்டிக்கு வரும். தண்ணீர்க் குழாய் முனையை முதல் நாள் லேசாகச் சொட்டவிட்டு வையுங்கள், சத்தம் கேட்டு வரும். இரவு மழை பெய்தால் ஈரத் தரையில் குட்டிக்குக் குளிர், நமக்கு வியர்க்கிறதே என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள், முதல் வாரம் அவை படுக்கிற இடத்தில் 28லிருந்து 30 டிகிரி வேண்டும்.

அப்புறம் ஒரு சோதனை. பிரித்த மறுநாள் காலையில் ஒவ்வொரு குட்டியையும் தூக்கி வயிற்றைத் தடவுங்கள். தின்றதன் வயிறு உருண்டையாகக் கல் மாதிரி இருக்கும், தின்னாததன் விலா ஒட்டியிருக்கும். ஒட்டியிருப்பதற்கு முதுகில் ஒரு கோடு போட்டு, அவற்றை ஒரே கூண்டில் சேர்த்துக் கஞ்சி ஊட்டுங்கள். கழிச்சலை எல்லாம் ஒன்றாகப் பார்க்கவும் வேண்டாம். லிட்மஸ் காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ.கோலைக் கழிச்சலில் சிவப்புக் காகிதம் நீலமாகும், செரிக்காத சர்க்கரையால் வந்ததென்றால் நீலக் காகிதம் சிவக்கும். அதை வைத்தே முடிவு கட்டிவிடமுடியாது, ஆனால் உடனே ஊசி எடுப்பதா, முதலில் தொட்டியைப் பார்ப்பதா என்று ஒரு திசை காட்டும். மருந்து என்றதும் ஒன்று, பழைய ஸ்டாக்கில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பொடி இருந்தால் எடுக்காதீர்கள், 2019இலிருந்து நம் நாட்டில் அதைக் கால்நடைத் தீவனத்தில் கலக்கத் தடை. துத்தநாக ஆக்ஸைடு கழிச்சலை நிறுத்தும் என்பதும் உண்மை, ஆனால் அதை மருந்து அளவில் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பாவில் 2022இல் நிறுத்திவிட்டார்கள், மண்ணில் தேங்குகிறது என்று. அதுவும் சுண்ணாம்பு மாதிரியே அமிலத்தைக் குடிக்கும்.

செலவு குறைக்கிறேன் என்று தவுக்கே சாப்பாட்டுக் கடை மிச்சத்தைக் குட்டிகளுக்கு வாங்கிவரச் சொன்னால் மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 2023இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பினாங்குக்குள் வந்து என்ன ஆட்டம் ஆடியது என்று அவருக்கே ஞாபகம் இருக்கும், வேகாத பன்றி இறைச்சி மிச்சம் அந்தக் கிருமிக்கு நல்ல வாகனம்.

நேரில் வரச் சொல்லியிருந்தீர்கள். இந்த வாரம் வேறு இரண்டு பண்ணைக்குள் போய்வந்துவிட்டேன், அங்கிருந்து கிருமி ஒட்டி வரலாம், இந்தக் காலில் உங்கள் கொட்டகைக்குள் ஏறுவது முறையில்லை. அடுத்த பிரிப்பு புதன்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். வியாழன் காலையில் வயிறு ஒட்டின குட்டி எத்தனைக்கு எத்தனை என்று எண்ணி அனுப்புங்கள், தீவனக் கலவைச் சீட்டையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், சுண்ணாம்பு வரி தெரிகிற மாதிரி.